சான்யோ பெற்ற இரண்டு பிள்ளைகள்

பாடாங் செராய் பட்டணத்தில் காலை ஏழு மணிக்கு ரோட்டோரம் நின்று ஒரு தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் ஜப்பானிய ரக்பி லீக்கில் பாதி கண்முன் கடந்து போய்விடும். செம்பனைக் குலை ஏற்றிய ஹினோ லாரி, குத்தகைக்காரரின் டொயோட்டா ஹைலக்ஸ், பேக்டரிக்கு விரையும் பிள்ளைகளின் ஹோண்டா மோட்டார். வடக்கே முடா வயல்களில் குபோட்டா டிராக்டர். ஆபீசில் நகல் எடுப்பது ரிக்கோ. எஸ்.பி.எம். பரீட்சை நெருங்கினால் அம்மாக்கள் வாங்கி அடுக்கும் பிராண்ட்ஸ் கோழிச்சாறு இன்று சன்டோரியின் சரக்கு. இத்தனை கம்பெனிக்கும் ஆளுக்கொரு ரக்பி அணி இருக்கிறது. ஹினோ ரெட் டால்ஃபின்ஸ், டொயோட்டா வெர்ப்லிட்ஸ், ஹோண்டா ஹீட், குபோட்டா ஸ்பியர்ஸ், ரிக்கோ பிளாக் ராம்ஸ், சன்டோரி சன்கோலியாத்.

லாரி விற்கிறவனுக்கும் கோழிச்சாறு விற்கிறவனுக்கும் ரக்பி எதற்கு என்று இந்த ஊரில் கேட்டால் சிரிப்புத்தான் வரும். கெடாவின் தோட்டப்புறத்தில் பந்து என்றால் அது உருண்டையானது. 1921-ல் மலாயாவுக்கு வந்து போன எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பல்காரர்கள் காற்பந்துக்கு ஒன்று, ரக்பிக்கு ஒன்று என இரண்டு கிண்ணங்களை விட்டுப் போனார்கள். காற்பந்து லயத்து வாசல்வரை வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. முட்டை வடிவப் பந்தோ விடுதிப் பள்ளி, ராணுவம், போலீஸ் என்று வேலிக்குள்ளேயே நின்றுவிட்டது. ஆனால் ரக்பியின் விதி ஒன்றுகூடத் தெரியாமல் இந்தக் கதையைப் படிக்கலாம். கம்பெனி, தொழிலாளி, திடல் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். அந்த மூன்றும் இந்த வட்டாரத்துக்கு மூன்று நான்கு தலைமுறையாகத் தெரியும்.

கதை தொடங்குவது பக்கத்துக் கூலிமில். 2011 கடைசியில் பானசோனிக் நிறுவனம் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் சூரிய மின்தகடு ஆலை ஒன்றைக் கட்டப்போவதாக அறிவித்தது. முதலீடு 4,500 கோடி யென். ஆண்டுக்கு 300 மெகாவாட் தயாரிப்பு. வேலை 1,500 பேருக்கு. 2012 டிசம்பரில் உற்பத்தி என்பது திட்டம். அங்கே செய்த தகட்டுக்கு ஹிட் என்று பெயர். ஒற்றைப் படிக சிலிக்கான் வில்லையின் இரு பக்கமும் உருவமற்ற சிலிக்கானை மெல்லிய தோல்போலப் பூசும் முறை அது. குறைந்த இடத்தில் அதிக மின்சாரம் தரும் என்பதால் சிறிய கூரை கொண்ட ஜப்பானிய வீடுகளில் அதற்குக் கிராக்கி இருந்தது.

அந்த முறையைக் கண்டுபிடித்து 1997-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது பானசோனிக் இல்லை, சான்யோ. இங்கேதான் குடும்பக் கதை வருகிறது. சான்யோவை 1947-ல் தொடங்கிய தோஷியோ இயூவே, பானசோனிக்கின் முன்னோடியான மட்சுஷிதா கம்பெனியை நிறுவிய கோனோசுகே மட்சுஷிதாவின் மனைவிக்குத் தம்பி. அக்காள் புருஷனிடம் தொழில் கற்று, போர் முடிந்ததும் தனியே வந்து சைக்கிள் விளக்கு செய்ய ஆரம்பித்தவர். அறுபத்துச் சொச்சம் ஆண்டு கழித்து அத்தான் வீடு மச்சினன் வீட்டை விலைக்கு வாங்கியது. 2009 டிசம்பரில் பெரும்பங்கு, 2011 ஏப்ரலில் முழுசும். பாகம் பிரித்தபோது சலவை இயந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் சீனாவின் ஹையருக்குப் போயின. சூரியத் தகடு பானசோனிக்கிடம் தங்கியது. கூடவே இன்னொன்றும் தங்கியது. அது சான்யோவின் ரக்பி அணி.

குன்மா மாநிலத்து ஓயிசுமி என்ற சிறிய ஆலைப் பட்டணத்தில் 1960-ல் பிறந்த அணி அது. வைல்டு நைட்ஸ் என்ற பெயர் பின்னால் வந்தது. பல்லாண்டுகள் அது இரண்டாமிடத்துக்கென்றே நேர்ந்துவிட்ட அணிபோல இருந்தது. 1991 ஜனவரியில் கோபே ஸ்டீலுக்கு எதிரான இறுதியாட்டத்தில் கிண்ணத்தைக் கிட்டத்தட்டக் கையில் வைத்திருந்தார்கள். கடைசி நொடிகளில் ஆஸ்திரேலியரான இயன் வில்லியம்ஸ் பந்தைப் பிடித்துக்கொண்டு கோடுவரை ஓடிவிட, 18-16 என்று போனது. அன்றைய முதல்தர லீக்கான டாப் லீக்கின் பட்டத்தை முதன்முதலாக வென்றது 2011 தொடக்கத்தில். அதே வசந்தத்தில் சான்யோ என்ற பெயர் சட்டையிலிருந்து கழன்றது. இருபது வருடம் காத்திருந்து கட்டிய தாலி, கட்டிய கையோடு வீட்டுப் பெயரும் மாறிவிட்ட மாதிரி.

ஆக, கூலிம் ஆலையில் செய்த தகடும் வைல்டு நைட்ஸ் அணியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒரே ஆண்டில் ஒரே வீட்டுக்குத் தத்துப் போனவை. பிறகு நடந்ததுதான் யோசிக்க வைக்கிறது.

சீனத் தகடுகள் விலையைத் தரைமட்டமாக்கின. 2019-ல் கூலிம் ஆலையைச் சீன நிறுவனம் ஒன்றுக்குக் கைமாற்ற ஒப்பந்தம் போட்டார்கள், அடுத்த ஆண்டு அது முறிந்தது. 2021 பிப்ரவரி 1 அன்று பானசோனிக் சூரியத் தகடு தயாரிப்பிலிருந்தே வெளியேறுவதாக அறிவித்தது. கூலிம் ஆலைக்கு அடுத்த நிதியாண்டோடு முற்றுப்புள்ளி. அதே 2021 மே மாதம் வைல்டு நைட்ஸ் சன்டோரியை 31-26 என்று வென்று டாப் லீக்கின் கடைசிச் சாம்பியனானது. அந்தக் கோடையில் அணி குன்மாவிலிருந்து சைத்தாமா மாநிலத்துக் குமகாயாவுக்குக் குடிபெயர்ந்தது. 2019 உலகக் கிண்ண ஆட்டங்கள் நடந்த திடலை ஒட்டிப் புதிய பயிற்சிக் கூடம். (குமகாயா ஜப்பானின் கொதிகலன். 2018 ஜூலையில் அங்கே 41.1 டிகிரி பதிவானது. கெடாக்காரர்களே விசிறி தேடும் சூடு.) 2022 மே மாதம், டாப் லீக்குக்குப் பதிலாக வந்த லீக் ஒன்னின் முதல் இறுதியாட்டத்தில் மறுபடி சன்டோரியை 18-12 என்று வென்றார்கள். கூலிம் ஆலையின் முற்றுப்புள்ளிக்குக் குறித்த நிதியாண்டு முடிந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ஆலையை மூடிய காசில் அணி வளர்த்தார்கள் என்று சொன்னால் அது அபாண்டம். நட்டத்தில் ஓடும் தொழிலை எந்தக் கம்பெனியும் ஒருநாள் இழுத்து மூடத்தான் செய்யும். கேள்வி வேறு. காசு கொண்டுவராத அணியை அந்தக் கம்பெனியால் விட முடியவில்லை, 1,500 பேர் திட்டத்தோடு வந்த ஆலையை விட முடிந்தது. ஏன்? அணிக்கு ஊர் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை கொடி பிடிக்க ஆள் இருந்தது, அறுபதாண்டு நினைவு இருந்தது. ஆலைக்கு இங்கே அப்படி ஒன்றும் இல்லை. ஷிப்ட் பஸ் வந்தது, ஏற்றியது, இறக்கியது. ஒருநாள் வரவில்லை.

ஜப்பானியக் கம்பெனி விளையாட்டின் உள்வேலை தெரிந்தால் இது இன்னும் விளங்கும். அங்கே அதற்கு ஜிட்சுக்யோடான் என்று பெயர். தொழில் நிறுவனத்தின் குழு என்று பொருள் கொள்ளலாம். 1995 வரை உலக ரக்பி அதிகாரப்பூர்வமாகக் கூலியில்லா ஆட்டம். ஆட்டக்காரன் வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை பார்த்தாக வேண்டும். ஜப்பானில் அந்த வேலையைக் கம்பெனியே கொடுத்தது. காலையில் கணக்குப் பிரிவில், கிடங்கில், விற்பனையில் உட்காருவான். பிற்பகலில் காலணி மாட்டுவான். முழங்கால் தேய்ந்து முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றாலும் மேசையும் நாற்காலியும் அங்கேயே இருக்கும். இன்று அணிகளில் முழுநேரத் தொழில்முறையாளர் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். நியூசிலாந்தின் டேன் கார்ட்டர் கோபேவுக்கு வந்து 2018-ல் பட்டம் வாங்கிக் கொடுத்துப் போனார், ரிச்சி மோவுங்கா தோஷிபாவுக்காக ஆட வந்தார். ஆனால் இந்த நட்சத்திரங்களுக்குப் பக்கத்திலேயே காலையில் அடையாள அட்டை தட்டி ஆபீசுக்குள் நுழையும் ஊழியர் ஆட்டக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மலேசியாவில் ஆட்டக்காரனின் பெற்றோரிடம் கேட்டால், பயம் ஆட்டத்தைப் பற்றியதாக இருக்காது. ஆட்டம் முடிந்த பிறகு என்ன என்பதுதான் பயம். "பந்து சோறு போடுமா?" என்று தோட்டத்துத் தாய்மார் கேட்ட கேள்வியை எந்தப் பயிற்சியாளராலும் இன்றுவரை சமாளிக்க முடியவில்லை. வைல்டு நைட்ஸின் கென்கி ஃபுக்குவோக்கா 2019 உலகக் கிண்ணத்தில் நாலு முறை கோட்டைத் தொட்ட மின்னல் ஓட்டக்காரர். 2021 இறுதியாட்டத்திலும் ஒருமுறை கோட்டைத் தொட்டார். அதோடு விடைபெற்று, ஜுன்தெண்டோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கப் போய்விட்டார். வயது இருபத்தெட்டு. அவர் கதை எல்லாருக்கும் வாய்க்காது. அப்பா பல் மருத்துவர், தாத்தா மருத்துவர். ஆனாலும் ஆட்டத்துக்குப் பிறகும் ஒரு வாழ்க்கை உண்டு என்று நம்பும் சூழலில்தான் அப்படி ஒருவர் உச்சத்தில் நின்று திரும்பிப் பார்க்காமல் போக முடியும்.

கம்பெனி நொடித்தால் அணி என்னாகும் என்பதற்கு ஜப்பானில் இரு மாதிரியும் கிடைக்கும். தோஷிபாவின் பெயர் 2015-ல் கணக்குப் புரட்டில் கெட்டது. 2023 டிசம்பரில், எழுபத்து நாலு ஆண்டுக்குப் பிறகு, பங்குச் சந்தைப் பட்டியலிலிருந்தே கம்பெனி வெளியேறியது. அதன் ரக்பி அணியான பிரேவ் லூபஸ் 2024-லும் 2025-லும் பட்டம் வென்றது. தலைமை, பதினைந்து வயதில் நியூசிலாந்திலிருந்து பள்ளிப் படிப்புக்கு வந்து ஜப்பானியராகவே ஆகிவிட்ட மைக்கேல் லீச்சிடம் இருந்தது. வீட்டுக் கூரை ஒழுகினாலும் பூஜை அறை விளக்கை அணையவிடாத குடும்பங்கள் உண்டல்லவா, அந்த ரகம்.

மறுபக்கம் கொக்கோ-கோலா ரெட் ஸ்பார்க்ஸ். 2021-ல் கலைந்தது. முனகத்தா சானிக்ஸ் புளூஸ், 2022-ல் லீக் ஒன்னின் முதல் பருவம் முடிந்ததும் கலைந்தது. 2025-ல் என்.இ.சி.யும் தன் கிரீன் ராக்கெட்ஸை விட்டுவிடப் போவதாகச் சொல்லிவிட்டது. தலைமையகத்தில் ஒரு கூட்டம், ஒரு பத்திரிகை அறிக்கை, அவ்வளவுதான். ஒரே கையால் ஊட்டி வளர்க்கும் பிள்ளைக்கு உள்ள ஆபத்து இது. இதற்கு மருந்துபோல, 2022-ல் லீக்கை மாற்றி அமைத்தபோது ஒவ்வோர் அணியும் ஓர் ஊரைத் தன் வீடாக அறிவிக்க வேண்டும், அந்த ஊர்ப்பெயரை அணிப்பெயரில் சேர்க்க வேண்டும் என்று கட்டளை போட்டார்கள். பானசோனிக் வைல்டு நைட்ஸின் பெயரில் சைத்தாமா ஏறியது இப்படித்தான். கம்பெனிப் பெயர் பிறகு இருந்தால் இருக்கட்டும், போனால் போகட்டும்.

அந்தக் கட்டளை வருவதற்கு இருபது ஆண்டு முன்பே அதைச் செய்து காட்டிய ஊர் கமாயிஷி. வடகிழக்குக் கடலோரத்து உருக்கு ஊர், மீன்பிடி ஊர். நிப்பான் ஸ்டீலின் கமாயிஷி ஆலை அணி 1979 முதல் 1985 வரை தொடர்ந்து ஏழு முறை ஜப்பான் சாம்பியன். ரசிகர்கள் கையில் இருந்தது படகுகளில் பெருமீன் பாடு கிடைத்தால் ஏற்றுகிற வண்ணக்கொடி. 1989-ல் உலை அணைந்தது, ஊர் சுருங்கியது. 2001-ல் அணியை ஊர்க் கழகமாக மாற்றி சீவேவ்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 2011 மார்ச் 11 அன்று கடல் ஊருக்குள் வந்தது. பல வெளிநாட்டுத் தூதரகங்கள் தம் ஆட்களை அழைத்துக்கொள்ளத் தயாராக இருந்தபோது அணியின் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் ஸ்காட் ஃபார்டி போக மறுத்து நிவாரணப் பொருள் சுமந்தார். பின்னால் தன் நாட்டு அணிக்கே ஆடினார். பிள்ளைகள் மேட்டுக்கு ஓடித் தப்பித்த உனோசுமாயி பள்ளிகள் நின்ற அதே மண்ணில் ஒரு திடல் எழுந்தது. 2019 செப்டம்பர் 25 அன்று அங்கே உலகக் கிண்ண ஆட்டம் நடந்தது. உருகுவே ஃபிஜியை 30-27 என்று கவிழ்த்தது. லீக் ஒன் வந்த பிறகு அணி இரண்டாம் தரத்தில் தட்டுத்தடுமாறியது. அதனால் என்ன, கொடி இன்னும் பறக்கிறது. கம்பெனிப் பெயரும் சில ஆண்டுகளாக மறுபடி வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி கெடாவுக்குத் திரும்பலாம்.

கம்பெனி விளையாட்டு இந்த மண்ணுக்குப் புதிதே இல்லை. பாடாங் செராயைச் சுற்றி விக்டோரியா, ஹென்ரியட்டா, சற்றுத் தள்ளிக் காராங்கானில் டப்ளின் என்று வெள்ளைக்காரப் பெயர் தாங்கிய தோட்டங்கள். லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, டிஸ்பென்சரி, கிராணிமார் வீடு என்று அமைந்த தோட்டத்தில் ஒரு திடலும் தப்பாமல் இருந்தது. சட்டையும் பந்தும் ஆபீஸ் கணக்கில் வரும். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும். நன்றாக ஆடுகிறவனுக்கு வெட்டுக் காட்டிலிருந்து ஸ்டோருக்கோ ஆபீசுக்கோ மாற்றல் கிடைத்த கதைகளைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பார்த்தால் ஜிட்சுக்யோடான் மாதிரியேதான்.

ஆனால் அந்தத் திடலின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. துரை பந்து வாங்கிக் கொடுத்தது பிள்ளைப்பாசத்தால் மட்டும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை பந்தைத் துரத்துகிற கால் சங்கக் கூட்டத்துக்குப் போகாது என்ற கணக்கும் அதில் உண்டு. அதைவிட முக்கியம், நிலம் கம்பெனியுடையது. தோட்டத் துண்டாடல் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வந்தது. லயத்து ஆட்கள் பாடாங் செராய்க்கும் லூனாசுக்கும் கூலிமுக்கும் சிதறியபோது கோயிலைக் கேட்டுப் போராடினார்கள், பள்ளியைக் கேட்டுப் போராடினார்கள். திடலைக் கேட்டுப் போராடியவர் குறைவு. பாடாங் என்றாலே மலாயில் திடல்தான். செராய் என்பது எலுமிச்சைப்புல். பெயரிலேயே திடல் வைத்திருக்கிற ஊர் இது.

தோட்டங்களுக்குப் பிறகு வந்த கம்பெனி அணிகளின் ஆயுள் இன்னும் குறைவு. வாகன வியாபாரத்தில் கொடிகட்டிய நாசா குழுமம் சுங்கை பட்டாணியை வீடாகக் கொண்டு குவாலா மூடா நாசா அணியை நடத்தியது. 2009-ல் கெடா மாநில அணி ஆடிய அதே சூப்பர் லீக்கில் ஆடியது. ஒரு மாநிலத்துக்கு இரண்டு முதல்தர அணி என்று மார்தட்டி முடிப்பதற்குள் காணாமல் போனது. நிலக் குடியேற்ற நிறுவனத்தின் பெல்டா யுனைடெட் 2020 பருவத்தோடு விலகியது. பெட்டாலிங் ஜெயா சிட்டியின் முடிவு தமிழர்களுக்கு இன்னும் அருகில் உறைக்கும். மலேசிய இந்திய விளையாட்டு மன்றமும் இந்தியக் காற்பந்துச் சங்கமும் சேர்ந்து வளர்த்த மிஃபா அணிதான் 2019-ல் அந்தப் பெயரோடு சூப்பர் லீக்குக்கு ஏறியது. பின்பலம் க்யூ.ஐ. குழுமம். 2022-ல் பயிற்சியாளர் பி. மணியத்தின் கீழ் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இல்லாமல் முழுக்க உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்தே ஆடினார்கள். அந்தப் பருவம் முடிந்ததும் அணி லீக்கைவிட்டு வெளியேறியது. தோட்டத்துக் காற்பந்தின் நூறாண்டு உழைப்பு ஏறி நின்ற கடைசிப் படி அது. படியை எடுத்துப் போக ஓர் அறிக்கை போதுமாக இருந்தது.

கம்பெனியே வேண்டாம், மாநிலமே நடத்தட்டும் என்பவர்களுக்குக் கெடா அணியே பதில். 2007-லும் 2008-லும் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் அடுத்தடுத்து அள்ளிய அணி. அலோர் ஸ்டார் தாருல் அமான் அரங்கம் மஞ்சள் பச்சையில் குலுங்கிய காலம். அதே அணி சம்பளப் பாக்கிக்காகப் புள்ளி பறிகொடுத்து, 2025-26 பருவத்துக்கு உரிமமும் கிடைக்காமல் சூப்பர் லீக்கிலிருந்து இறங்கியது. ஆட்சி மாறினால் தலைவர் மாறுவார், தலைவர் மாறினால் ஆதரவாளர் மாறுவார், மாதக் கடைசியில் சம்பளம் மட்டும் வராது.

இவற்றோடு ஒப்பிட்டால் தேசிய மின் நிறுவனமான தெனாகாவின் ஹாக்கி அணி ஒரு தனி இனம். லீக்கில் நீண்ட காலமாக நிற்கிறது, ஆட்டக்காரர்களுக்கு நிறுவனத்தில் வேலை தருகிறது. தமிழ்நாட்டில் இந்தியா சிமெண்ட்ஸ் கிரிக்கெட் ஆட்டக்காரர்களைச் சம்பளப் பட்டியலில் வைத்திருந்ததும் இதே வழிதான். டிராவிடும் தோனியும்கூட அந்தப் பட்டியலில் இருந்தவர்கள். அந்தக் கம்பெனி 2024 டிசம்பரில் அல்ட்ராடெக்கின் கைக்குப் போனது. இந்தியா சிமெண்ட்ஸ் 2008-ல் வாங்கிய சென்னை சூப்பர் கிங்ஸ் முன்னரே தனி நிறுவனமாகப் பிரிந்திருந்ததால் மஞ்சள் சட்டைக்கு ஒரு கீறலும் இல்லை. சான்யோ கதையின் சென்னைப் பதிப்பு என்று சொல்லலாம்.

கெடாக்காரரான மகாதீர் 1982-ல் கிழக்கை நோக்குங்கள் என்றார். ஜப்பானியனைப் போல நேரத்துக்கு வா, சுத்தமாக வை, கம்பெனியை நேசி என்ற பாடங்கள் நாட்டுக்குள் வந்தன. 1996-ல் திறந்த கூலிம் பூங்காவின் ஆரம்ப ஆய்வில்கூட ஜப்பானின் உதவி அமைப்பான ஜைக்காவுக்குப் பங்கு உண்டு. தொழிலாளி கம்பெனிக்குச் செய்ய வேண்டியதெல்லாம் இறக்குமதியானது. கம்பெனி தொழிலாளிக்குச் செய்வது சுங்கத்திலேயே தங்கிவிட்டது. இன்று பூங்காவில் இன்டெல், இன்ஃபினியோன், ஃபுஜி எலக்ட்ரிக், ஃபர்ஸ்ட் சோலார், 2024 முதல் ஆஸ்திரியாவின் ஏ.டி. அண்ட் எஸ். என்று பெரிய பெயர்கள் நிற்கின்றன. பக்கத்தில் கோல்ஃப் திடலும் உண்டு. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வரும் பாடாங் செராய்ப் பிள்ளை அங்கே போய்ப் பந்தடிக்கப் போவதில்லை.

ஆகவே கூலிம் கம்பெனிகளிடம் லீக் அணி கேட்பது வீண். அது இன்னொரு குவாலா மூடா நாசாவில்தான் முடியும். கேட்க வேண்டியது ஜப்பானிய ஏற்பாட்டின் பின்பாதியை. மாவட்ட, மாநில அளவில் ஆடும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இத்தனை இடம் என்று நிரந்தர வேலை. பிற்பகல் பயிற்சிக்கு ஒத்துவரும் பகல் ஷிப்ட். ஆட்டம் நின்ற பிறகும் நிற்காத சம்பளம். எந்த ஆட்டம் என்பது அடுத்த பேச்சு. காற்பந்தாக இருக்கலாம், சடுகுடுவாக இருக்கலாம். ஏன், ரக்பியாகவே இருக்கலாம். சடுகுடு ஆடிய பிள்ளைக்கு ஆளை மறித்துச் சாய்க்கப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2025 ஜூனில் மும்பையில் நடந்த இந்தியாவின் முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் வென்றது சென்னை புல்ஸ் என்ற செய்தியைக் கேட்டுப் புருவம் உயர்த்திய தமிழர்கள் உண்டு. ஏழு பேர் ஆடும் ரக்பி அது. தோட்டத்துத் திருவிழாக்களில் செவன் சைடு, நைன் சைடு என்று பந்து ஆடி வளர்ந்த வட்டாரத்துக்கு அந்த எண்ணிக்கையும் அந்நியமில்லை.

இதற்குக் கம்பெனிகள் சொல்லும் பதில் தெரிந்ததுதான். சம்பளம் கொடுக்கிறோம், வரி கட்டுகிறோம், தீபாவளிக்கு அரிசிப் பை கொடுத்துப் படமும் எடுத்துக்கொள்கிறோம், இதற்கு மேல் என்ன? முதலீட்டாளரைத் தொல்லைப்படுத்தினால் வியட்னாமுக்குப் போய்விடுவார் என்று அதிகாரிகளும் தாளம் போடுவார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் கேட்காமல் இருந்தபோதும் பானசோனிக் ஆலை போகத்தானே போனது. வரிச்சலுகைக்குக் கையெழுத்துப் போடும் மேசையில் எத்தனை வேலை, எவ்வளவு முதலீடு என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. மூன்றாவதாக ஒரு கட்டம் வரைய அரசுக்கு யாரும் தடை சொல்லவில்லை.

கூடவே நிலமும் வேண்டும். திடல் கம்பெனி வேலிக்குள் இருந்தால் ஒருநாள் கம்பெனியோடு போய்விடும் என்பதைத் தோட்டம் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்துவிட்டது. அதனால் அது பட்டணத்தின் பெயரில், அரசிதழில் பதிவான பொதுத் திடலாக இருக்க வேண்டும். விளக்குக் கம்பத்துக்கும் வடிகாலுக்கும் கம்பெனிகள் பணம் போடட்டும், வேண்டுமானால் பெயர்ப்பலகையும் வைத்துக்கொள்ளட்டும். ஒரு ரக்பி ஆடுகளம் நூறு மீட்டர் நீளம், எழுபது மீட்டர் அகலம். ஒன்றே முக்கால் ஏக்கர் வரும். கோட்டுக்குப் பின்னால் உள்ள இடம், ஓரம், நாலு வரிசைப் பெஞ்சு எல்லாம் சேர்த்தாலும் மூன்று ஏக்கரைத் தாண்டாது. கூலிம் பூங்கா நாலாயிரம் ஏக்கருக்கும் மேல்.